பிஜோ முதல் மடிக்கணினி வரை: அயலகத் தமிழரின் சிறுபொறித் தேடல்

கொல்லிமலையில் 'நாடு' என்ற சொல்லின் எல்லை மிகச் சிறிது. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இம்மலை ஒன்றியத்தின் பதினான்கு ஊராட்சிகளும் நாடு என்றே வழங்கப்படுகின்றன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று அப்பட்டியல் நீளும். தேவனூர் நாட்டார் ஒருவர் அறப்பளீசுவரரை வணங்க வளப்பூர் நாட்டுக்குச் சென்றாலே, சொல்லளவில் அவர் வேற்றுநாடு போய் வந்தவராகிவிடுகிறார்! இது வெறும் சொல்விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு பொறியை வாங்கிப் பயன்படுத்துவோரின் கண்கொண்டு பார்த்தால், இதில் ஓர் உண்மை இருக்கிறது. பழுதுபார்ப்பவர் இருக்கும் ஊருக்கும் நமக்கும் இடையே உள்ள தொலைவே, பொறியைப் பொறுத்தவரை, உள்நாட்டையும் வெளிநாட்டையும் பிரிக்கும் கோடு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டைஊசி வளைவுகள் ஏறி வாழ்பவருக்கும், நார்வேயின் ஒரு மீன்பிடி ஊரில் குடியேறியவருக்கும் இவ்வகையில் கவலை ஒன்றுதான்.

அயல்நாட்டுக்குப் புறப்படும் நண்பர்களும், போய்ச் சேர்ந்துவிட்ட நண்பர்களும் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: எங்கும் எடுத்துச் செல்லத்தக்க, நடுவழியில் கைவிடாத, சிறிய மடிக்கணினி ஒன்றை எப்படித் தேர்வது? இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் எண்களால் ஆனவை. நினைவகம் இவ்வளவு, திரை இத்தனை அங்குலம், விலை இவ்வளவு என்று அவை அமையும். இலக்கிய ஆர்வலர்களாகிய நாம் அந்த எண்களில் பெரிய புலமை கொண்டாட முடியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழர் இதைக் கேட்கத் தொடங்கி ஏறத்தாழ நூறாண்டு ஆகிறது; அப்போது கணினியே இல்லை. அந்த வரலாற்றைப் பின்தொடர்ந்தால், இன்றைய கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகும் என்பது நமது எண்ணம்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியைச் சேர்ந்த இராமலிங்கம் முத்தையா. 1886ஆம் ஆண்டு பிறந்த இவர், 1907இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். அக்காலத்து யாழ்ப்பாண இளைஞர் பலரைப் போல எழுத்தர் வேலையே இவருக்கும் வாய்த்தது. சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றினார். அலுவலகத்தில் நாள் முழுதும் ஆங்கிலத் தட்டச்சின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு, இப்படித் தமிழை அடிக்க ஒரு பொறி இல்லையே என்ற குறை எழுந்தது. குறைபட்டுக்கொண்டவர்கள் அவருக்கு முன்பும் இருந்திருப்பார்கள். முத்தையா விசைப்பலகையை வரையத் தொடங்கினார் என்பதுதான் வேறுபாடு.

அவர் முன் நின்ற சிக்கல் எண்ணிக்கைச் சிக்கல். தமிழ் எழுத்துகள் 247. தட்டச்சுப் பொறியிலோ விசைகள் ஐம்பதுக்கும் குறைவு. ஒவ்வொரு விசையிலும் கீழொன்று மேலொன்று என இரண்டு வடிவங்களைப் பொருத்தினாலும் நூறு இடங்கள் தேறா. ஆகார, எகர, ஏகார, ஐகாரக் குறிகள் எழுத்துக்கு முன்னோ பின்னோ தனித்து நிற்பவை. அவற்றைத் தனி விசைகளாக வைத்துவிடலாம். உகர வரிசைதான் தொல்லை. கு, சு, டு, மு, ரு என்று மெய்க்கு மெய் வடிவம் மாறுகிறது. அவற்றுக்குத் தனி இடம் கொடுத்தே ஆக வேண்டும். புள்ளியும், இகர ஈகாரச் சுழிகளும் எழுத்தின் தலைமேல் ஏறுபவை. இவற்றுக்குத்தான் நகரா விசை என்ற வழி கைகொடுத்தது. விசையைத் தட்டினால் குறி தாளில் பதியும். ஆனால் தாளைத் தாங்கிய உருளை நகராது. அடுத்துத் தட்டும் மெய்யெழுத்து அதே இடத்தில் வந்து விழும். ஆக, 'க்' என்று அடிக்க முதலில் புள்ளி, பிறகு ககரம். கையால் எழுதும்போது ககரத்தை எழுதிய பின்தான் புள்ளி வைக்கிறோம். தட்டச்சாளரோ புள்ளியை வைத்துவிட்டு அதன் கீழ் எழுத்தைக் கொண்டுவர வேண்டும். ஒரு தலைமுறைத் தமிழ்த் தட்டச்சாளர்களின் விரல்கள் இந்தத் தலைகீழ் வரிசைக்குப் பழகிப்போயின.

முதல் உலகப் போர் முடிந்த பிறகு, ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்துச் சைடல் அண்ட் நௌமான் நிறுவனம் முத்தையாவின் வடிவமைப்பில் பொறிகளைச் செய்துகொடுத்தது. முதலில் வந்தது மேசைமேல் வைக்கும் பெரிய பொறி. அதன் பின்னர் வந்ததே நமது கட்டுரைக்கு உரியது: 'பிஜோ' என்ற பெயர் கொண்ட, பெட்டியில் வைத்துக் கையில் தூக்கிச் செல்லும் சிறு தட்டச்சு.

இந்தச் சிறு தட்டச்சின் குலத்தையும் சற்றே பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்த பிளிக்கென்ஸ்டெர்ஃபர், தூக்கிச் செல்லும் தட்டச்சுகளில் முதலில் வெற்றி கண்டது. 1912இல் வந்த கொரோனா 3 மடக்கினால் பாதியாகச் சுருங்கும். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. முதல் உலகப் போரில் செய்தியாளர்கள் தூக்கித் திரிந்தது இதைத்தான். சைடல் அண்ட் நௌமான் 1910இல் 'எரிக்கா' என்ற மடக்குத் தட்டச்சை வெளியிட்டது. அதே எரிக்காவின் ஏற்றுமதிப் பெயர்களுள் ஒன்றே பிஜோ. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு அணிகலன் என்று பொருள். ஜெர்மனியில் வார்த்து, பிரெஞ்சுப் பெயரிட்டு, பிரித்தானியக் குடியேற்றத்தில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் ஒருவருக்காகத் தமிழ் எழுத்து பொருத்திய பொறி! உலகமயமாதல் நேற்று வந்ததென்று நினைப்போர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

எது இப்பொறியை நம்பத்தக்கதாக்கியது? அதன் எஃகு மட்டுமன்று. இரும்பு நெம்புகோல்களும் சுருள்வில்களும் திருகுகளுமாய் அமைந்த அதன் உள்ளமைப்பு, மூடியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலத் தட்டச்சுக்கும் அதற்கும் எழுத்தச்சுகளையும் நகரா விசைகளையும் தவிர வேறுபாடு அதிகமில்லை. எனவே தமிழே அறியாத ஒரு சீனப் பழுதுபார்ப்பவர் கூட அதைச் சரிசெய்ய முடியும். அவருக்குத் தெரிய வேண்டியது நெம்புகோல் மட்டுமே. மைநாடா எந்த எழுதுபொருள் கடையிலும் கிடைக்கும். மின்சாரம் வேண்டாம். மொழி சிறுபான்மையினருடையதாக இருந்தாலும், பொறி பெரும்பான்மையினருடையது. அயலகத்தில் ஒரு பொறி நிலைத்து உழைக்க இவ்விணைப்பு இன்றியமையாதது என்பதை நாம் பின்னால் மீண்டும் காண்போம்.

அதற்கும் ஒரு பலவீனம் இருந்தது. எழுத்தச்சு முறிந்தால், தமிழ் அச்சு ட்ரெஸ்டனிலிருந்துதான் வர வேண்டும். 1939 செப்டம்பரில் போர் மூண்டதும், ஜெர்மானியச் சரக்கு பிரித்தானியத் துறைமுகங்களுக்கு வருவது நின்றது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன் நகரமே குண்டுவீச்சில் எரிந்தது. ஒரே ஓர் ஊரில் மட்டும் உதிரிபாகம் கிடைக்கும் பொறி, அந்த ஊரின் விதியோடு கட்டுண்டது. இதை ஜெர்மனிக்கு மட்டும் உரியதாகக் கொள்ள வேண்டியதில்லை. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் புகுந்தபோது உலகெங்கும் வன்தட்டுகளுக்குப் பஞ்சம் வந்ததை நம்மிற் பலர் அறிவோம்.

இனி கணினிக்கு வருவோம். தூக்கிச் செல்லும் கணினி என்ற பெயரில் 1981இல் விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன் 1, பதினோரு கிலோ எடை கொண்டது. நமது அரிசிச் சிப்பத்தில் ஏறத்தாழப் பாதி. ஐந்து அங்குலத் திரை, மின்கலம் கிடையாது. 'தூக்கிச் செல்லலாம்' என்றால் தூக்க முடியும் என்ற பொருளே தவிர, தூக்குவது இன்பம் என்று பொருளில்லை. இரண்டே ஆண்டுகளில், 1983இல், அந்நிறுவனம் திவாலாயிற்று. பொறி நன்றாக இருந்தும் நிறுவனம் செத்தால் என்ன ஆகும் என்ற பாடத்தை வாங்கியவர்கள் கற்றார்கள்.

அதே 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஜப்பானின் கியோசெரா செய்து, அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் விற்ற இது, ஒரு பெரிய புத்தக அளவே இருக்கும். எடை சுமார் 1.4 கிலோ. சாதாரண டார்ச் விளக்கு மின்கலம் போல நான்கு சிறு மின்கலங்கள் போதும். இருபது மணி நேரம் ஓடும். உள்ளேயே தொலைபேசி இணைப்புக் கருவி. செய்தியாளர்கள் இதைக் கொண்டாடினர். எந்த நாட்டின் எந்த மூலையிலும் பெட்டிக்கடையில் மின்கலம் வாங்கிப் போட்டு எழுதலாம். விமான நிலையத்துத் தொலைபேசியிலிருந்து செய்தியை அனுப்பலாம். பயணிக்கு உற்ற பொறி என்ற வகையில் இதை விஞ்சியது இன்றும் அரிது என்பது நமது கருத்து.

தமிழருக்கு அது பயன்படவில்லை. எட்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்து. திரையின் மொத்தப் புள்ளிகளே குறுக்கில் 240, நெடுக்கில் 64. எட்டுப் புள்ளி உயரத்தில் ஆங்கில எழுத்து நிற்கும். 'ழூ' எப்படி நிற்கும்? முத்தையாவின் பொறியில் எழுத்தச்சை மாற்றினால் மொழி மாறியது. இங்கே எழுத்து சில்லுக்குள் உறைந்து கிடந்தது. அதை மாற்றும் உரிமை பயனருக்கு இல்லை. சிறுபான்மை மொழியும் பெரும்பான்மைப் பொறியும் கைகோத்திருந்த காலம் இப்படித் தற்காலிகமாக முடிவுக்கு வந்தது.

இதே ஆண்டில்தான், கொழும்பின் 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பின், ஈழத்தமிழர் பெருந்தொகையாக ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறினர். அவர்கள் சென்ற இடமெல்லாம் சிற்றிதழ் தொடங்கினர். ஜெர்மனியிலும் நார்வேயிலும் பிரான்சிலும் வெளிவந்த அத்தொடக்க கால இதழ்களுள் பல, கையால் எழுதி ஒளிநகல் எடுத்தவை. கணினி மலிந்துகொண்டிருந்த நாடுகளில், தொழில்நுட்பத்தின் நடுவே உட்கார்ந்துகொண்டு, ஒரு சமூகம் கையெழுத்துப் பிரதி தயாரித்தது. அவ்விதழ்கள் பலவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் இன்று படிக்கலாம். பக்கங்களைப் புரட்டும்போது, எழுதியவரின் கை சோர்ந்த இடங்கூடத் தெரிகிறது.

கணினித் திரையில் தமிழைக் கொண்டுவந்தவர்களில் கணிசமானோர் அயலகத்தில் வாழ்ந்தவர்களே என்பது தற்செயல் அன்று. கனடாவில் சீனிவாசன் 'ஆதமி'யை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலுக்கு வித்திட்டார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளரான கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' செய்தார். ஊரில் இருப்பவனுக்குத் தமிழ் சுவரொட்டியிலும் பேருந்துப் பலகையிலும் கிடைத்துவிடுகிறது. வெளியே இருப்பவனுக்கு அது மேசைமேல் இருக்கும் பொறியில் கிடைத்தால்தான் உண்டு.

ஆனால் இங்கேதான் நம்பகம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் வந்து சேர்ந்தது. ஒவ்வொருவரும் தத்தம் வழியில் தமிழை ஆங்கில எழுத்துகளின் இடங்களில் குடியேற்றினர். ஈழத்தமிழரிடையே பரவிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் புள்ளிக்கு உரிய இடம் அரைப்புள்ளியின் இடம். பாமினியில் எழுதிய கடிதத்தை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். மெய்யெழுத்து வந்த இடமெல்லாம் ஓர் அரைப்புள்ளி விழுந்திருக்கும். கணினி ஓடுகிறது, வன்தட்டு ஓடுகிறது, கோப்பு பத்திரமாக இருக்கிறது. கடிதம் மட்டும் இல்லை. பிஜோவில் அடித்த தாள் மங்கியிருந்தாலும் இன்று படிக்க முடியும். 1996இல் மடிக்கணினியில் எழுதிய நாட்குறிப்பைப் பலரால் படிக்க முடிவதில்லை. தாய்க்கு எழுதிய கடிதங்களும் முடிக்காத நாவல்களும் இவ்வாறு போயின. அவற்றின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

1997 மே மாதம் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் கூடிய தமிழிணைய மாநாடுகள் இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றன. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் வந்தன. மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்துத் தன்னார்வலர்கள் அமைத்த திஸ்கி இன்னொரு புறம் வளர்ந்தது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் சிதறியிருந்த அன்பர்களின் விரல்களால் பழைய இலக்கியங்களை உள்ளிட்டது. அவர்களும் முதலில் பழைய குறியீடுகளில் எழுதிப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை மைக்ரோசாஃப்டின் இயங்குதளங்களில் அது வேலை செய்யவில்லை. இடம் ஒதுக்குவது வேறு, குடிபுகுவது வேறு.

இதற்கிடையே பொறி மெலிந்துகொண்டே வந்தது. 1985இல் தோஷிபா டி1100 நான்கு கிலோ. 1991இல் சோனி லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது இல்லாமல் இன்றைய ஒரு கிலோ மடிக்கணினி இல்லை. 1992இல் ஐபிஎம் திங்க்பேட் வந்தது. ரிச்சர்ட் சேப்பர் ஜப்பானியரின் உணவுப்பெட்டியை மனத்தில் கொண்டு அமைத்த கரிய உருவம், நடுவே சிவப்புக் குமிழ். 1993 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கச் சென்ற எண்டெவர் விண்ணோடத்தில் திங்க்பேட் ஒன்று பயணம் செய்தது. பழுதுபார்க்கும் கடையே இல்லாத வெளிநாடு அதைவிடத் தொலைவில் ஏது? 2005இல் ஐபிஎம் அத்தொழிலைச் சீனத்து லெனோவோவுக்கு விற்றது. அப்பொறியின் பெருமைக்குக் கருநிறமோ குமிழோ காரணம் என்று நாம் கருதவில்லை. எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று விளக்கும் பராமரிப்புக் கையேட்டை நிறுவனமே யாவரும் படிக்கும்படி வெளியிட்டு வந்தது. தலைமுறை தலைமுறையாக அது பெற்ற நம்பிக்கையில் இக்கையேட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

2007ஆம் ஆண்டு இறுதியில் தைவானின் ஆசுஸ், ஈ பிசி 701 என்ற சிறு பொறியை வெளியிட்டது. ஏழு அங்குலத் திரை, எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, சுழலும் வன்தட்டு இல்லை. விலை மாணவர்க்கும் எட்டும். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் எல்லா நிறுவனங்களும் இவ்வகைக் குறுங்கணினிகளைச் செய்து குவித்தன. இவற்றிலும் தமிழர்க்கென்று ஒரு சிறு பொறி (கண்ணி என்ற பொருளில்!) காத்திருந்தது. இவற்றுட் பல விண்டோஸ் எக்ஸ்பியுடன் விற்கப்பட்டன. எக்ஸ்பியில் தமிழ் தானாகத் தெரியாது. மொழி அமைப்புகளுக்குள் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் குறியிட வேண்டும்; குறியிட்டதும் அது நிறுவல் குறுந்தட்டைக் கேட்கும். குறுங்கணினியில் குறுந்தட்டைச் செருகும் இடமே கிடையாது! வெளிநாட்டு விடுதியறையில் அமர்ந்து, நண்பரிடம் வெளிச்செருகும் தட்டியக்கியைக் கடன் வாங்கி, பிறகு எ-கலப்பையை நிறுவி எழுதத் தொடங்கியவர்கள் அக்காலத்து வலைப்பதிவர்களில் பலர். விஸ்டா முதல் இத்தொல்லை ஒழிந்தது. 2010இல் ஐபேடு வந்தபின் குறுங்கணினிகளும் மெல்ல மறைந்தன.

இன்று எந்த மடிக்கணினியிலும் தமிழ் தெரிகிறது. ஆகவே மொழிக்கேள்வி முடிந்துவிட்டது என்று கருதலாகாது. ஜெர்மனியில் வாங்கும் பொறியில் ஒய், இசட் எழுத்துகள் இடம் மாறியிருக்கும்; பிரான்சில் வாங்கினால் ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ இருக்கும். ஆங்கில ஒலிவழித் தமிழ் தட்டுபவரின் விரல்கள் ஆண்டுக்கணக்கில் பழகிய தடம் அங்கே தவறும். தமிழ்99 தட்டுபவருக்கும் சிறு பொறிகளில் தொல்லை உண்டு. சில குறுகிய விசைப்பலகைகளில் வலப்புறக் குறியீட்டு விசைகள் பாதியாகச் சுருங்கி, அல்லது வேறிடம் பெயர்ந்து நிற்கும். தமிழ்99இல் அவ்விசைகள் சிலவற்றில் எழுத்துகள் உள்ளன. கடையில் நின்றபடியே ஒரு பத்தி தமிழ் தட்டிப் பார்க்காமல் வாங்குவது, காலில் போட்டுப் பார்க்காமல் செருப்பு வாங்குவதை ஒக்கும்.

மின்சாரத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நம்மூரிலும் ஐரோப்பாவிலும் 230. மடிக்கணினிகளோடு வரும் மின்மாற்றி பெரும்பாலும் 100 முதல் 240 வரை ஏற்கும்; அதன் அடிப்பகுதியில் அச்சிட்டிருப்பதை ஒருமுறை படித்துவிட்டால் போதும். செருகியின் உருவம் மட்டுமே நாட்டுக்கு நாடு மாறும். உத்தரவாதம்தான் படிக்க வேண்டிய தாள். வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும் உத்தரவாதமும் உண்டு, பன்னாட்டு உத்தரவாதமும் உண்டு. சிங்கப்பூரில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி, டொரண்டோவில் விசைப்பலகை பழுதாகும்போதுதான் பலர் அத்தாளைத் தேடுகின்றனர்.

பயணத்தின் விதிகளும் மாறக்கூடியவை. 2017 மார்ச்சில், துபாய், அபுதாபி, தோஹா உள்ளிட்ட சில விமான நிலையங்களிலிருந்து நேரே அமெரிக்கா செல்லும் விமானங்களில், கைப்பேசியைவிடப் பெரிய மின்னணுக் கருவிகளை அறைக்குள் கொண்டுவர அமெரிக்கா தடை விதித்தது. அவ்வாண்டு ஜூலைக்குள் தடை விலக்கப்பட்டது. ஆயினும் வளைகுடா வழியாகப் பறந்த நம்மவர் பலர் அச்சில மாதங்கள் மடிக்கணினியைச் சரக்குப் பெட்டிக்குள் துணிகளிடையே புதைத்து அனுப்ப நேர்ந்தது. சிறு பொறியின் நன்மை எடைக்குறைவு மட்டும் என்று நினைப்பவர்கள், அது இடிபாட்டையும் தாங்க வேண்டும் என்பதை அப்போது உணர்ந்தனர்.

மெலிவுக்கு ஒரு விலை உண்டு. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் அஞ்சல் உறையிலிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டியபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. அதன் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. மின்கலத்தைப் பயனரே மாற்றும்படி அமைக்கவில்லை. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. மூடியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிந்த பிஜோவின் உள்ளமைப்புக்கும், திறக்கவே இயலாத ஏட்டுக்கும் இடையே நூறாண்டு இருக்கிறது. எதிர்த்திசையிலும் அசைவு உண்டு. பிரான்சு 2021 ஜனவரி முதல், மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்குப் பழுதுபார்க்கும் எளிமையைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டுக் கடையிலேயே காட்டச் செய்தது. உதிரிபாகம் கிடைப்பது, அதன் விலை, கழற்றும் எளிமை, கையேடு கிடைப்பது ஆகியவை அம்மதிப்பெண்ணில் அடங்கும். விளம்பரப் பலகையில் இருக்கும் எல்லா எண்களையும் விட இந்த ஓர் எண்ணையே அயலகவாசி முதலில் பார்க்க வேண்டும் என்போம். அதே 2021இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபிரேம்வொர்க் மடிக்கணினி, பெரும்பாலான பாகங்களை ஒரே திருப்புளியால் கழற்றி மாற்றும்படி அமைந்தது. ஆனால் அந்நிறுவனம் விற்பனை செய்யாத நாடுகளில் அதன் உதிரிபாகம் எளிதில் கிட்டாது. ட்ரெஸ்டனின் கதை இங்கேயும் தலைகாட்டுகிறது.

மீண்டும் மலைக்கு வருவோம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிய அப்பொறிகள் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்க்கு வழங்கப்பட்டன. மலைப்பள்ளிகளின் பிள்ளைகளும் அதில் அடக்கம். அவற்றின் வேகத்தை நகரத்து நண்பர்கள் எள்ளி நகையாடியதுண்டு. நாம் அதில் சேரமாட்டோம். மாநிலம் முழுதும் ஒரே வகைப் பொறிகள் லட்சக்கணக்கில் பரவினால், அதன் மின்கலமும் விசைப்பலகையும் சிறுநகரக் கடைகளுக்கும் வந்துசேரும். ஒன்றைப் பிரித்துப் பழகிய இளைஞர் அடுத்ததையும் பிரிப்பார். பழுதான இரண்டிலிருந்து ஓடும் ஒன்றைச் செய்வார். தேவனூர் நாட்டு மாணவருக்கு, எங்கோ புகழ்பெற்ற விலையுயர்ந்த பொறியைவிடப் பக்கத்துப் பையனிடமும் இருக்கும் பொறியே உற்றது. நெம்புகோல் அறிந்த சீனப் பழுதுபார்ப்பவரை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆகவே நண்பர்கள் கேட்கும் கேள்விக்கு நம்மால் ஒரு பொறியின் பெயரைச் சொல்ல இயலாது. சொன்னாலும் அடுத்த ஆண்டு அது கடையில் இராது. போய்ச் சேரும் ஊரில் எது பரவலாக விற்கிறதோ அதை, கூடுமானால் அவ்வூரிலேயே வாங்குக. அலுவலகங்கள் மொத்தமாக வாங்கும் வரிசைகளில், மூன்று நான்கு ஆண்டு உழைத்துப் புதுப்பித்து விற்கப்படும் சிறு பொறிகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றுக்கு உதிரிபாகமும் கையேடும் எளிதில் கிட்டும் என்பதால் மாணவர்க்கு அவற்றையே பரிந்துரைப்போம். எடை ஒன்றேகால் கிலோவைச் சுற்றி இருந்தால் தோள் வலிக்காது. மின்கலமும் சேமிப்பகமும் திருகில் கழல்கின்றனவா என்று பார்த்துவிடுக. பழைய பாமினி, திஸ்கிக் கோப்புகள் வைத்திருப்போர், புதிய பொறிக்கு மாறும் முன் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் படியெடுத்து வைக்கட்டும். முடிந்தவற்றைத் தாளிலும் அச்சிடலாம்.

கூடவே சிறிய திருப்புளி ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றுக்குத் திருப்புளி நாடு என்றே பெயர். அப்பெயரின் வரலாறு வேறாக இருக்கலாம், அதை வேறொரு நாள் ஆராய்வோம். விமானத்தில் மட்டும் அதைக் கைப்பையில் வைக்க வேண்டா. சரக்குப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.